முதல் பறவை: காக்டெய்லா, பட்ஜியா, ஆப்பிரிக்கன் லவ் பேர்டா?

கடைக்குப் போய் "லவ் பேர்ட்ஸ் இருக்கா?" என்று கேட்டால், தமிழ்நாட்டில் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவது பட்ஜியைத்தான். பச்சை, மஞ்சள், நீலம் என்று கூண்டு நிறையக் கீச்சிடும் அந்தச் சின்னப் பறவையின் முழுப்பெயர் பட்ஜரிகர், பூர்வீகம் ஆஸ்திரேலியா. உண்மையான லவ் பேர்டு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. வால் குட்டை, அலகு தடிமன். அதைக் கடைக்காரர்கள் "ஆப்பிரிக்கன்" என்று தனியாகச் சொல்வார்கள். பக்கத்துக் கூண்டில் தலையில் கொண்டையும் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டுமாக உட்கார்ந்திருப்பது காக்டெய்ல்.

முதன்முதலாகப் பறவை வளர்க்க நினைப்பவர்கள் இந்த மூன்றுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கடைசியில் நிறத்தைப் பார்த்து எடுத்துவிடுகிறார்கள். நிறம் ஒரு வாரத்தில் கண்ணுக்குப் பழகிப்போகும். சத்தமும் தூசியும் பறவையின் தனிமையும் வருடக்கணக்கில் கூடவே வரும்.

நான்காவதாகப் பச்சைக்கிளியைச் சேர்க்கவில்லையே என்று சிலர் நினைக்கலாம். நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காட்டில் பிடித்த முனியாக் குருவிகளுக்கும் இதே நிலைதான். யார் மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

## பறவையைப் பார்க்கும் முன் வீட்டைப் பாருங்கள்

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கான பதிலில் பாதி உங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள், எத்தனை மணி நேரம்? இதுதான் முதல் கேள்வி, முக்கியமான கேள்வியும்கூட. அடுத்தது, வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா, வீசிங், தூசி ஒவ்வாமை உண்டா? மூன்றாவது, சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர் காலை ஆறு மணிக்கு வரும் கூச்சலைப் பொறுத்துக்கொள்வாரா? நான்காவது, இன்னும் 15 வருடத்தில் நீங்கள் எங்கே இருப்பீர்கள்? பத்தாம் வகுப்புப் பிள்ளைக்காக வாங்கும் காக்டெய்ல், அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிற வயதிலும் உயிரோடு இருக்கும். ஐந்தாவது, பறவை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார்? நாய், பூனை மட்டும் பார்க்கும் மருத்துவர் போதாது. அவசரமாக ஒரு நாள் தேடும்போது கையில் நேரம் இருக்காது. அந்த எண்ணைப் பறவை வருமுன்பே குறித்து வைத்துவிட வேண்டும்.

| | காக்டெய்ல் | பட்ஜி | ஆப்பிரிக்கன் லவ் பேர்டு |
|---|---|---|---|
| நீளம் | 30–33 செ.மீ. (பாதி வால்) | சுமார் 18 செ.மீ. | 13–17 செ.மீ. |
| எடை | 80–110 கிராம் | 30–40 கிராம் | 45–60 கிராம் |
| ஆயுள் (நல்ல பராமரிப்பில்) | 15–20 வருடம் | 5–10 வருடம் | 10–15 வருடம் |
| சத்தம் | விசில்; தனியாக விட்டால் கூச்சல் | நாள் முழுக்க மெல்லிய கீச்சொலி | கூர்மையான கிரீச்சொலி |
| தூசி | மிக அதிகம் | குறைவு | குறைவு |
| கடி | பயந்தால். பெரிதாக வலிக்காது | கிள்ளும் | ரத்தம் வரும் |
| கையில் பழகுவது | எளிது | பொறுமை வேண்டும் | குஞ்சிலிருந்தே பழக்கினால்தான் |
| கூண்டு, குறைந்தபட்சம் | ஒன்றுக்கு 24 × 18 × 24 அங்குலம் | ஜோடிக்கு 24 அங்குல நீளம் | ஜோடிக்கு 30 அங்குல நீளம் |
| கம்பி இடைவெளி | அரை அங்குலத்துக்குச் சற்று மேல் வரை | அரை அங்குலத்துக்குள் | அரை அங்குலம் |
| பறவையின் விலை | சில ஆயிரம் | ஜோடி சில நூறு | இரண்டுக்கும் நடுவில் |

உயரமான, ஒடுங்கிய கூண்டு அழகாகத் தெரியும். ஆனால் பறவை பக்கவாட்டில்தான் பறக்கிறது, நீளம்தான் அதற்கு உதவும். வட்டக் கூண்டு மூன்றில் எதற்குமே ஆகாது.

## காக்டெய்ல்: வீட்டில் ஆள் இருந்தால் இதுவே

காக்டெய்ல், காக்கட்டூ எனப்படும் கொண்டைக்கிளிக் குடும்பத்தின் மிகச் சிறிய உறுப்பினர். அதன் நல்லது கெட்டது எல்லாமே அந்தக் குடும்பத்திலிருந்தும், ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் கூட்டமாக அலையும் வாழ்க்கையிலிருந்தும் வந்தவை. இது புரிந்துவிட்டால் இந்தப் பறவை செய்யும் எதுவும் உங்களைக் குழப்பாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். புதிதாக வளர்ப்பவருக்கு இதைவிடத் தெளிவாகப் பேசும் பறவை கிடையாது, பேசுவது கொண்டையால். கொண்டை பாதி சாய்ந்து நுனி மட்டும் மேலே வளைந்திருந்தால் நிம்மதியாக இருக்கிறது. ஆணி மாதிரி நேராக நின்றால் எதையோ கண்டு மிரண்டிருக்கிறது, கையை நீட்டாமல் ஒரு நிமிடம் பொறுங்கள். தலையோடு ஒட்டப் படிந்து, வாயைத் திறந்து "ஸ்ஸ்" என்று சீறினால் விலகிப் போ என்று பொருள். தலையைக் குனிந்து கழுத்து இறகை உப்பிக் காட்டினால் சொறியச் சொல்கிறது. இப்படி முன்கூட்டியே சொல்லிவிடும் பறவையிடம் கடி வாங்குவது அபூர்வம். ஆண் பறவைக்கு விசில் அடிப்பதில் கெட்டிக்காரத்தனம் உண்டு. ஒரே மெட்டைத் தினமும் அதே நேரத்தில் கேட்டால் பிடித்துக்கொள்ளும். பேச்சு சில சொற்களோடு நின்றுவிடும்.

ஆனால் இரண்டு மாதக் குஞ்சைக் காட்டி "இது ஆண், நல்லாப் பாடும்" என்று விற்றால் நம்ப வேண்டாம். சாம்பல் நிறக் காக்டெய்லில் ஆணும் பெண்ணும் முதல் இறகு உதிர்வு வரை ஒரே மாதிரிதான் இருக்கும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள்தான் ஆணின் முகம் பளிச்சென்று மஞ்சளாகும். பெண்ணுக்கு வாலின் அடிப்பக்கக் கோடுகள் அப்படியே தங்கும்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். முதலாவது தூசி. காக்கட்டூ குடும்பத்துக்கு இறகைப் பராமரிக்க உடலிலேயே ஒரு வெண்பொடி உண்டாகிறது. காலையில் டிவித் திரையைத் துடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்து விரலால் கோடு போட்டுப் பாருங்கள், முகப்பவுடர் தடவியது போல விரலில் ஒட்டிக்கொண்டு வரும். கூண்டு படுக்கையறையில் இருந்தால் அந்தப் பொடி முழுக்க உங்கள் மூச்சுக்குள்தான் போகிறது. வாரம் இரண்டு மூன்று முறை மெல்லிய தண்ணீர்த் தெளிப்பில் குளிக்கவைத்தால் குறையுமே தவிர நிற்காது. வீட்டில் ஆஸ்துமா இருந்தால் காக்டெய்ல் வேண்டாம் என்பதே நேர்மையான பதில். சந்தேகம் இருந்தால், ஏற்கெனவே காக்டெய்ல் வளர்ப்பவர் வீட்டில் அந்த நபரை ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டாவது கூப்பிடும் குரல். காட்டில் கூட்டத்தைவிட்டுப் பிரிந்த பறவை, "எங்கே இருக்கீங்க?" என்று கத்திக் கேட்கும். வீட்டில் நீங்கள்தான் அதன் கூட்டம். நீங்கள் அறையைவிட்டுப் போனதும் கத்தும். கத்தும்போதெல்லாம் ஓடிவந்தால், கத்தினால் ஆள் வரும் என்று கற்றுக்கொள்ளும். அடுத்த அறையிலிருந்தே ஒரு குறிப்பிட்ட விசிலைத் திருப்பி அடியுங்கள். கூட்டத்தில் இன்னொரு பறவை பதில் சொல்வது போலத்தான் அது. சில வாரங்களில் கூச்சல் விசிலாக மாறும். கணவன், மனைவி இருவரும் காலை ஒன்பதுக்குப் போய் இரவு எட்டுக்குத் திரும்பும் வீட்டில் ஒற்றைக் காக்டெய்லை வைப்பது அதற்குச் செய்யும் கொடுமை. தன் இறகைத் தானே பிடுங்கத் தொடங்கிய பிறகு மீட்பது கடினம்.

மூன்றாவது இரவு மிரட்சி. நள்ளிரவில் ஒரு பல்லி ஓடினால், ஒரு ஹெட்லைட் வெளிச்சம் விழுந்தால், இருட்டில் திடீரென்று எழும்பிக் கூண்டெங்கும் மோதும். மற்ற பறவைகளைவிடக் காக்டெய்லுக்கு இது அதிகம். லுட்டினோ எனப்படும் மஞ்சள்–வெள்ளை வகையில் இன்னும் அதிகமாகப் பார்க்கலாம். உடனே விளக்கைப் போட்டு, கூண்டுக்குள் கையை விடாமல் மெல்லப் பேசுங்கள். வளர்ந்துகொண்டிருக்கும் இறகு முறிந்து ரத்தம் வந்தால் கார்ன்ஃப்ளார் மாவை வைத்துச் சில நிமிடம் அழுத்தவும். நிற்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். தினமும் ஒரு சிறிய இரவு விளக்கு எரிந்தாலே பெரும்பாலான மிரட்சி வராது. தீபாவளி வாரத்தில் கூண்டை உள்ளறைக்கு மாற்றி, மூன்று பக்கம் துணி போட்டு, விளக்கை எரியவிடுங்கள்.

நான்காவதைப் பெண் பறவை வாங்கியவர்கள் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆண் துணையே இல்லாமல் முட்டையிடும். முட்டையை உடனே எடுத்துவிட்டால் குறைந்த எண்ணிக்கையை ஈடுகட்ட இன்னும் இடும், உடம்பிலுள்ள கால்சியம் கரையும், கடைசியில் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். எனவே முட்டையை அதனிடமே விடுங்கள். மூன்று வாரம் அடைகாத்துச் சலித்துப்போய்த் தானே விட்டுவிடும். கூடவே இரவு விளக்கைத் தவிர மற்றவற்றை அணைத்து 12 மணி நேரத் தூக்கம் கொடுங்கள், முதுகில் தடவாதீர்கள், நுழைந்துகொள்ள அட்டைப்பெட்டியோ மூலையோ வைக்காதீர்கள். கூண்டின் தரையில் உப்பிக்கொண்டு உட்கார்ந்து, முக்கி, மூச்சுக்கு மூச்சு வாலை ஆட்டினால் அது அவசரம். சூடாக வைத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

கால்சியத்துக்குக் கணவாய் ஓடு வைக்க வேண்டும். பறவைக் கடையில் கிடைக்காவிட்டால் நாட்டு மருந்துக் கடையில் "கடல் நுரை" என்று கேளுங்கள், அதே பொருள்தான்.

யாருக்குப் பொருந்தும்: ஓய்வுபெற்ற பெற்றோர் இருக்கும் வீடு, வீட்டிலிருந்து வேலை செய்பவர், தினமும் இரண்டு மணி நேரம் பறவையைக் கூண்டுக்கு வெளியே விட முடிந்தவர்.

## பட்ஜி: பார்த்து ரசிக்க ஒரு ஜோடி

பகலில் வீடு காலியாக இருக்கும் குடும்பத்துக்குப் பட்ஜி ஜோடிதான் சரி. ஒன்றுக்கொன்று துணை, உங்களை நம்பி வாழாது. இடமும் தூசியும் குறைவு, கீச்சொலி சுவர் தாண்டாது. மூன்றில் சொற்களை அதிகம் கற்பதும் இதுதான். தனியாக வளர்ந்த ஆண் பட்ஜி வேகவேகமாக, மெல்லிய குரலில் பேசும். ஆனால் பேச்சுக்காக ஒன்றை மட்டும் வாங்கினால், துணைக்கு நீங்கள் இருந்தாக வேண்டும்.

ஆண், பெண் பார்ப்பது எளிது. அலகுக்கு மேல் மூக்குத்துளை உள்ள பகுதி ஆணுக்கு நீலம், பெண்ணுக்குப் பழுப்பு அல்லது வெளிறிய நிறம். குஞ்சுகளுக்கு இரண்டிலும் இளஞ்சிவப்பு கலந்த ஊதா. அல்பினோ, லுட்டினோ போன்ற சில நிறங்களில் இந்தக் கணக்குத் தவறும். நெற்றியின் கோடுகள் மூக்கு வரை இறங்கியிருந்தால் மூன்று நான்கு மாதத்துக்குட்பட்ட குஞ்சு. பழக்குவதற்கு அந்த வயதுதான் ஏற்றது.

பட்ஜியின் மறைமுகச் செலவு ஒரு மண்கலயம். ஜோடியை வாங்கும்போது கடைக்காரர் "பானையும் எடுத்துக்கோங்க" என்பார். அதைத் தொங்கவிட்ட சில வாரங்களில் நான்கைந்து முட்டை, 18 நாளில் பொரிப்பு, குஞ்சுகள் வெளியே வருமுன்பே அடுத்த ஈடு. ஒரு வருடத்தில் இரண்டு பறவை பத்துப் பறவையாகிவிடும். தாய்ப்பறவை எலும்பும் தோலுமாகும், கூண்டு நெரிசலில் பெண்கள் சண்டையிட்டுக் காயப்படும். குஞ்சுகளை யாரிடம் கொடுப்பது என்று யோசிக்காதவரை பானை வாங்காதீர்கள். பானை இல்லாவிட்டால் பெரும்பாலான ஜோடிகள் முட்டையிடாமல் நிம்மதியாகவே வாழும்.

இன்னொன்று, மலிவாகக் கிடைப்பதாலேயே மருத்துவரிடம் கொண்டுபோகத் தயங்குகிறார்கள். 35 கிராம் உடம்புக்குத் தாங்கும் சக்தி குறைவு. "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தது" என்று அதிகம் கேட்பது பட்ஜி வீடுகளில்தான்.

## ஆப்பிரிக்கன் லவ் பேர்டு: இரண்டாவது பறவையாக வரட்டும்

மூன்றில் மிக அழகு இதுதான் என்று சொன்னால் மறுக்க மாட்டேன். புதியவருக்கு மிகக் கடினமானதும் இதுவே. தைரியமும் பிடிவாதமும் அதிகம், தன் இடத்தை விட்டுக்கொடுக்காது. மற்ற பறவைகளோடு ஒரே கூண்டில் விட்டால் பட்ஜியின் கால்விரலைக் கடித்துத் துண்டாக்கிவிடும். ஜோடியாக வைத்தால் அவை தமக்குள் வாழும், உங்கள் கை எதிரி. ஒன்றை வைத்துப் பழக்கினால் காக்டெய்லைவிட அதிக நேரம் கேட்கும். பெரும்பாலான வகைகளில் ஆண், பெண்ணைக் கண்ணால் பிரிக்க முடியாது, டிஎன்ஏ சோதனைதான் வழி.

சட்டத்திலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. அரிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் காக்டெய்லும் பட்ஜியும் பீச் முகம் கொண்ட லவ் பேர்டும் இல்லை. பிஷர், மாஸ்க்டு வகை லவ் பேர்டுகள் அந்தப் பட்டியலில் உள்ளவை. அவற்றை வைத்திருப்பவர்கள் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்கும்போதே எந்த வகை என்று எழுதிய ரசீது கேளுங்கள்.

## எதை வாங்கினாலும் வரும் செலவு

கூண்டுக்கு ஆகும் பணம் பறவையின் விலையைத் தாண்டும், பட்ஜிக்கு இது நிச்சயம். துத்தநாகம் பூசிய புது இரும்பு (ஜிஐ) வலைக் கூண்டென்றால் வினிகர் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, காயவைத்த பிறகே பறவையை விடுங்கள். உதிரும் துத்தநாகத் துணுக்கு பறவைக்கு விஷம். கூண்டோடு வரும் வழவழப்பான பிளாஸ்டிக் குச்சியை எடுத்துவிட்டுக் கொய்யாக் கிளையோ வேப்பங்கிளையோ கட்டுங்கள். காக்டெய்லுக்குக் கட்டைவிரல் தடிமன், பட்ஜிக்குச் சுண்டுவிரல் தடிமன். தடிமன் இடத்துக்கு இடம் மாறினால் பாதத்தில் புண் வராது.

தீனியில் நமக்கு ஒரு வசதி உண்டு. வெளிநாட்டுக் கடைகளில் பறவைத் தின்பண்டமாக விற்கும் மில்லட் கதிர் நம் தினைக் கதிரேதான். தினைப்புனத்தில் கிளியோட்டிய வள்ளியின் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு, கிளியினம் எதை விரும்பும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. தினை, சாமை, கம்பு கலந்த விதை ஒரு காக்டெய்லுக்கு நாளைக்கு ஒன்றரை மேசைக்கரண்டி, ஒரு பட்ஜிக்கு ஒன்றரைத் தேக்கரண்டி போதும். சூரியகாந்தி விதை நாலைந்துக்கு மேல் வேண்டாம், கொழுப்பு ஈரலில் சேரும். விதை மட்டுமே போட்டால் வைட்டமின் ஏ, கால்சியம் இரண்டும் குறையும். தினமும் ஒரு கொத்து முருங்கைக்கீரையைக் கழுவிக் கம்பியில் செருகினால் இரண்டும் கிடைக்கும். கேரட், வேகவைத்த சோளம், வாரம் ஒருமுறை கொஞ்சம் அவித்த முட்டை நல்லது. அவகாடோ, சாக்லெட், வெங்காயம், காபி, டீ, உப்புப் பண்டம் கூடவே கூடாது.

பறவை பட்டினியில் சாவது பல நேரம் நிறைந்த கிண்ணத்துக்குப் பக்கத்தில்தான். இவை விதையை உரித்துத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே போடும். மேலே பார்த்தால் தீனி நிறைய இருப்பது போலத் தெரியும். தினமும் காலையில் கிண்ணத்தை வெளியே கொண்டுபோய் வாயால் ஊதிப் பாருங்கள். பறந்தது எல்லாம் உமி, அடியில் தங்கியதுதான் தீனி.

புகை இன்னொரு எதிரி. சூடேறிய நான்ஸ்டிக் பாத்திரத்திலிருந்து வரும், நம் மூக்குக்குத் தெரியாத ஆவி சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். காலி நான்ஸ்டிக் தோசைக்கல்லை அடுப்பில் மறப்பவர் வீட்டில் பறவை தங்காது. பழைய இரும்புத் தோசைக்கல்லுக்கு மாறிவிடுங்கள். கொசுவர்த்தி, சாம்பிராணி, கற்பூரம், ரூம் ஸ்பிரே எதுவும் பறவை இருக்கும் அறையில் வேண்டாம்.

வெளியே விடுமுன் சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். இறக்கை முழுவதும் நின்ற பிறகே கூண்டைத் திறக்கவும். ஜன்னலையும் பாத்ரூம் கதவையும் மூடி, கண்ணாடிக்குத் திரை போடுங்கள்.

கிராம் காட்டும் சமையல் தராசு ஒன்று வாங்குங்கள். வாரம் ஒருமுறை காலையில், தீனிக்கு முன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். நோயை மறைப்பது பறவையின் பிழைப்பு. 90 கிராம் இருந்தது 81க்கு இறங்கினால், பார்க்க எப்படி இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எச்சக் காகிதத்தை மாற்றுமுன் தண்ணீர் தெளித்து நனையுங்கள். கிளிக்காய்ச்சல் கிருமி காய்ந்த எச்சத் தூசியில் மனிதருக்கும் பரவும். உங்களுக்குச் சளியோடு விடாத காய்ச்சல் வந்தால், வீட்டில் பறவை இருப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

## கைத்தீனிக் குஞ்சா, தானே தின்னும் பறவையா?

"குஞ்சிலிருந்து ஊட்டி வளர்த்தால்தான் பாசமாக இருக்கும்" என்று சொல்லி, இறகு முளைக்காத காக்டெய்ல் குஞ்சைப் புதியவர்கள் தலையில் கட்டுவதுதான் இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம். கைத்தீனி 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இருக்க வேண்டும். மூன்று நான்கு டிகிரி கூடினால் தீனிப்பை வெந்துவிடும், குறைந்தால் செரிக்காமல் புளிக்கும். சிரிஞ்சு கொஞ்சம் தவறினால் தீனி மூச்சுக்குழாயில் இறங்கி, குஞ்சு கையிலேயே செத்துப்போகும். அனுபவம் உள்ளவர் ஊட்டி முடித்து, எட்டிலிருந்து பத்து வாரத்துக்கு மேலாகி, விதையைத் தானே உரித்துத் தின்னும் பறவையை வாங்குங்கள். பாசம் துளியும் குறையாது. கடையில் உங்கள் கண்முன்னால் அது விதை உரிப்பதைப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

## கடையில் நிற்கும் பத்து நிமிடம்

உடனே கிட்டே போகாமல், நாலடி தள்ளி நின்று பாருங்கள். ஆள் கிட்டே வந்ததும் நோய்ப்பறவைகூட நிமிர்ந்து உட்காரும். பட்டப்பகலில் உப்பிக்கொண்டு தூங்குவது, மூச்சுக்கு வால் ஆடுவது, மூக்குத்துளை ஈரம், பின்பக்க இறகில் எச்சம் ஒட்டியிருப்பது ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். அதே கூண்டின் மற்ற பறவைகளும் வேண்டாம். கையில் எடுத்ததும் நெஞ்செலும்பைத் தொட்டுப் பாருங்கள். கத்திமுனை போலத் துருத்தினால் பல நாளாக மெலிந்துகொண்டிருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே பறவை இருந்தால் புதியதை 30 நாள் வேறு அறையில் வையுங்கள்.

கிளம்புமுன் கடைக்காரர் அதுவரை போட்ட அதே விதைக் கலவையில் அரைக் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். புது இடத்தில் பறவைக்குத் தெரிந்த ஒரே பொருள் அதுவாகத்தான் இருக்கும். முதல் பத்து நாள் அதையே போடுங்கள். கூண்டின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கட்டும், மூன்று நாள் கையை உள்ளே விடாதீர்கள். நான்காம் நாள் ஒரு தினைக் கதிரை நுனியில் பிடித்து, கம்பிக்கு வெளியே நின்றபடி நீட்டுங்கள்.